தானாக நடந்து வந்த குண்டா

கண்ணுகளா,

நேற்றுக் காலையில் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அப்பா கவனிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். "குளிக்கிற ரூம் வாசலில் அப்பா தாலுகா கச்சேரிப் போலீஸ்காரர் மாதிரி நிற்கிறார்" என்று பெரியவன் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது, புதிதாக நடக்கப் பழகியிருக்கும் நம் பாப்பா வீட்டில் எந்த மூலையில் இருக்கிறாள் என்று தெரியாவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. நூல் கடை திறக்க நேரமாகிவிட்டது என்று உங்கள் அம்மா விரட்டினாலும் கால் நகராது.

இந்தப் பழக்கம் என்னோடு பிறந்தது இல்லை. எங்கள் எதிர்வீட்டு அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து விளையாடப் போய்விடுவீர்கள். ஆகையால் எழுதுகிறேன். அப்பா அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அவர் வீடு. இரண்டு வீட்டிலும் தறி. அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. என் அப்பா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை, அவ்வளவுதான். நல்ல உயரம். அந்தக் காலத்து வாசல் நிலைகள் எல்லாம் தாழ்வாக இருக்கும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் நெற்றி நிலையில் ஒரு தடவை இடிக்காமல் இருக்காது. இடித்ததும் நின்று நிலையைத் திட்டுவார்.

"ஏன், இத்தா பெரிய ஆளு வாரது உனக்குக் கண்ணு தெரியலையா?"

மனிதர்களை அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. சாமான்களைத்தான் திட்டுவார். கால் இடறினால் அம்மிக்கல்லை, பால் பொங்கினால் அடுப்பை, கயிறு அறுந்தால் கிணற்றை. ஆனால் அவருக்குப் பரம விரோதி என்று ஒன்று இருந்தது. அது குண்டா.

உங்களுக்கு இது புரிய வேண்டுமானால் அப்போது நாங்கள் எப்படிக் குளித்தோம் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால், அதாவது பொடக்காளியில், தென்னந்தட்டியால் ஒரு மறைப்பு இருக்கும். அதற்குள் நின்று குளிக்க ஒரு பலகைக்கல். பக்கத்திலேயே கல் கூட்டிய அடுப்பு, அடுப்பின் மேல் செப்பு அண்டா. சனிக்கிழமை விடிந்தால் பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். அண்டாவில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைச் சொம்பால் மொண்டு, வாய் அகன்ற பித்தளைக் குண்டாவில் ஊற்றிக் கீழே வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பச்சைத் தண்ணீர் சேந்தப் போவார்கள். கிணறு தெருக்கோடியில் இருந்தது. அங்கே நாலு பேர் முன்னால் நிற்பார்கள். நாலு பேர் நின்றால் நாலு வீட்டுக் கதையும் நிற்கும். அதுவரைக்கும் குண்டா தரையில் ஆவி விட்டுக்கொண்டு தனியாக இருக்கும். யாராவது கேட்டால், "ஆறட்டும்னு வெச்சிருக்கேன்" என்பார்கள்.

குண்டாவின் விளிம்பு, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளையின் நெஞ்சு உயரம். பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும்.

அந்த 'ஆறட்டும்' என்ற சொல் அத்தை காதில் விழக்கூடாது. விழுந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். சொல்லாமல் கொள்ளாமல் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். இடுப்பில் கை வைத்துக் குண்டாவின் எதிரில் நிற்பார்.

"ஏ குண்டா! உன்னை ஆரு இங்க உக்காரச் சொன்னது? ஒறம்பரைக்கு வந்த சம்பந்தியாட்ட நடு எடத்துல உக்காந்துக்கிட்டு! ஆறப்போறியா? நீ எப்ப ஆறி, நான் எப்ப ஊட்டுக்குப் போறது?"

வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வரும்போது அத்தை குண்டாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "சித்த நேரந்தானுங்க ஆச்சு அத்தை" என்பாள்.

"உன்னைய ஆரு சாமி கேட்டா? நான் இவனைக் கேக்கறேன். மொதல்ல வயித்துல பச்சத்தண்ணிய வாங்கிக்க, அப்பறம் சுடுதண்ணிய வாங்கிக்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கறேன் இவன்கிட்ட!"

அத்தை வீட்டில் அதுதான் சட்டம். குண்டாவில் முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் அதற்கு மேல்தான். அதையும் அத்தைதான் மொண்டு ஊற்றுவார். பிறகு முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உட்கார விடுவார். அவர் வீட்டு மாமா பேசவே காசு கேட்கிறவர் மாதிரி இருப்பார். அவரே ஒரு நாள் என் அப்பாவிடம் சொன்னார். "எங்கூட்டுல சுடுதண்ணி கேக்கறதும் ஒண்ணு, சர்க்கார்கிட்ட துப்பாக்கி கேக்கறதும் ஒண்ணு. நூறு கேள்வி. அதனால நான் வருசம் பூரா பச்சத்தண்ணியிலயே குளிச்சுக்கறனுங்க."

ஒரு தீபாவளியன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு இளம்பிள்ளையிலிருந்து புது மாப்பிள்ளை வந்திருந்தார். தலையில் எண்ணெய் சொட்ட, புது வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மிடுக்காக மறைப்புக்குள் போனார். அங்கே அவருக்கு முன்னால் அத்தை உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் குண்டாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏனுங்க, என்னைப் பாத்தா கைக்கொழந்தையாட்டத் தெரியுதுங்களா?"

"உங்களுக்கில்லீங்க மாப்ள. நீங்க வெந்தா உங்கம்மா மருந்து போட்டுக்கறாங்க. உங்க பொறத்தால திரும்பிப் பாருங்க."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். புது மாப்பிள்ளை எப்படிக் குளிக்கிறார் என்று பார்க்கத் தெருப் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் தட்டி இடுக்கில் நுழைந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதில் பாதிப் பேருக்கு இடுப்பில் அரைஞாண் தவிர ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிற்பாடு அவருக்குப் பிள்ளை பிறந்தபோது, "தண்ணி பதம் பார்க்க அந்த ஒசரமான அம்மாளைக் கூப்பிடுங்க" என்று அவரே ஆள் அனுப்பினார்.

அத்தையின் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். மறைக்க வழியில்லை. அவரும் மறைக்க நினைத்ததில்லை. அது என்ன என்று நாங்கள் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வார். கொல்லிமலையில் கரடியோடு கட்டிப் புரண்டேன் என்பார். இன்னொரு நாள், "பட்டு நெய்யற கைடா இது, அதான் தோலும் பட்டாயிருச்சு" என்பார். தொட்டுப் பார்க்கச் சொல்வார். தொட்டால், "ஐயோ, கரடி!" என்று கத்தி எங்களைத் துள்ளி ஓட வைப்பார்.

எனக்கே ஒரு தடவை குதிகாலில் சுடுதண்ணீர் தெறித்துவிட்டது. என் அலறலைக் கேட்டு ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சுண்ணாம்பு, ஒருத்தி மசி, என் சித்தப்பா தறி நூலுக்குப் போடுகிற கஞ்சியையே கொண்டு வந்துவிட்டார். அத்தை அத்தனை பேரையும், "அக்கட்ட போங்க" என்று ஒதுக்கிவிட்டு, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார். ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் சேலை, மடி, உட்கார்ந்த இடம் எல்லாம் வெள்ளம்.

"போதும் அத்தை, குளுருது."

"குளுருதா? அப்ப நல்ல சேதி. இன்னொரு கொடம் கொண்டாங்க!"

கொப்புளம்கூட வரவில்லை. மறு நாள் பள்ளிக்கூடம் போக வேண்டியதாயிற்று என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று எங்கள் வீட்டுப் பாவு தெருவில் நீட்டியிருந்தது. பாவு என்றால் சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல் எல்லாம் சேர்ந்தது. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவிட்ட பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். முழுசாகக் காய்வதற்குள் மழை பட்டால் கஞ்சி கரைந்து நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் சிக்கு விழும். ஒரு பாவு போனால் அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். அதனால் பாவு நீட்டியிருக்கும்போது 'மழை' என்று ஒரு குரல் கேட்டால் போதும், எந்த வீட்டு ஆள், எந்த வேலை என்று இல்லை, தெருவே ஓடி வந்து பிடிக்கும். அது எங்கள் ஊர் வழக்கம்.

அம்மா எனக்கும் என் தங்கச்சிக்கும் எண்ணெய் தேய்த்து முடித்திருந்தாள். தங்கச்சிக்கு அப்போது நம் பாப்பா வயசுதான், தத்துநடை. கொதிக்கிற தண்ணீரைக் குண்டாவில் ஊற்றி வைத்துவிட்டு அம்மா குடத்தை எடுத்தாள். அலவாய்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பெரிய பெரிய துளியாக நாலு விழுந்தது. தெருவிலிருந்து என் அப்பா கத்தினார்.

"மழை! மழை! பாவைப் பிடிங்க!"

அம்மா குடத்தைக் கிடந்த இடத்தில் போட்டுவிட்டு ஓடினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். எண்ணெய் வழிய நானும் ஓடினேன். எல்லோரும் ஆளுக்கு ஓர் இடத்தில் பாவைத் தாங்கிக்கொண்டார்கள். ஒரு கோடியில் அப்பா. மறு கோடியில், உயரமும் பலமும் உள்ள ஆள் என்று, எதிர்வீட்டு அத்தை. இரண்டு பேரும் இழுத்துப் பிடித்துக்கொண்டே சுருட்டி வர வேண்டும்.

பாதி சுருட்டியிருப்பார்கள். அத்தை பார்வை என்மேல் விழுந்தது. என் தலையிலிருந்து எண்ணெய் சொட்டுவதைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் இடுப்பில் பிள்ளை இல்லை.

"சனிக்கிழமை!" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார். கையை விட்டுவிட்டார்.

இழுத்துப் பிடித்திருந்த பாவு படார் என்று தளர்ந்தது. மறு கோடியில் அப்பா மல்லாக்க விழுந்தார். நடுவில் தாங்கி நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். "அக்கா! பாவு! பாவு போச்சு!" என்று அப்பா கத்தியது ஊர்க்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்த வழியில் அவர் ஒருத்தர் மட்டும் எதிர்த்து ஓடினார். எங்கள் வீட்டு நிலையில் இடித்தார். அன்று நிலையைத் திட்டவும் நிற்கவில்லை.

நானும் எண்ணெய்க் காலோடு வழுக்கி வழுக்கிப் பின்னால் ஓடினேன். தட்டியை விலக்கிய இடத்தில் அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

தங்கச்சி இரண்டு கையாலும் குண்டாவின் விளிம்பைப் பிடிக்கப் போய், சூடு பட்டதும் எடுத்து, கைகளை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் அம்மா போட்டுவிட்டுப் போன சொம்பு. குனிந்து அதை எடுத்தாள். எடுத்து, குண்டாவுக்குள் விட்டு மொள்ள எக்கினாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அத்தை இல்லை. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு முன்னாலேயே விழும்.

அத்தை கத்தவில்லை. மூச்சு இரைக்கிறது, நெற்றியில் இரத்தம் கசிகிறது, ஆனால் குரல் மட்டும் தாலாட்டு மாதிரி வந்தது.

"சாமி... இங்க பாரு... கரடி வந்துருக்குது பாரு..."

இடது கையை ஆட்டிக் காட்டினார். தங்கச்சிக்கு அந்த விளையாட்டு தெரியும். சொம்பைப் போட்டுவிட்டு, கைகொட்டிச் சிரித்துக்கொண்டு, கரடியைத் தொடத் திரும்பி நடந்து வந்தாள். அத்தை அவளை அள்ளி எடுத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் தெருவே எங்கள் பொடக்காளிக்கு வந்துவிட்டது. முன்னால் அப்பா, உடம்பெல்லாம் மண்ணும் கஞ்சியும். நனைந்து சிக்குப் பிடித்த பாவு வெளியே கிடந்தது. அப்பா பிள்ளையைப் பார்த்தார், ஆவி பறக்கிற குண்டாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. அம்மா பக்கம் திரும்பினார்.

"இதை இங்க ஆரு வெச்சது?"

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் கண்ணும் அவள் மேல்.

அத்தை தரையில் இருந்தபடியே சொன்னார். "ஆரும் வெக்கல தம்பி. தானா நடந்து வந்துச்சு."

"என்னக்கா இது?"

"நெசமாத்தான் தம்பி. நான் உள்ள வாரேன், இவன் அடுப்படியில இருந்து குடுகுடுன்னு நடந்து வர்றான். நான் இந்தக் கண்ணால பாத்தேன். இந்தப் பித்தளைச் சாமானுகளை நம்பவே கூடாது. வேணும்னா அவனையே கேளு."

எல்லோரும் குண்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் சித்தப்பா, "ஏண்டா குண்டா, நடந்தியா?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. மழை கொட்டக் கொட்டத் தெரு மொத்தமும் நின்று சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பாவைச் சிக்கெடுக்க நாள் கணக்கில் ஆயிற்று. பாவை விட்ட ஆளே தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்து சிக்கெடுத்துக் கொடுத்தார். அப்போது ஒரு நாள் அம்மா கேட்டாள். "அண்ணி, ஏன் அன்னைக்கு என்னையக் காட்டிக் குடுக்கல?"

அத்தை நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இந்தக் கை வெந்தப்ப எனக்கு உன்ற பொண்ணு வயசு. எங்கம்மா ஆறட்டும்னு வெச்சாங்க. நான் போயிக் கையை உட்டேன். எனக்கு ஒரு மாசமோ ரெண்டு மாசமோ வலிச்சுருக்கும், நெனப்புகூட இல்ல. ஆனா ஊரு பூரா எங்கம்மாவைக் கேட்டாங்க பாரு, ஆரு வெச்சது, ஆரு வெச்சதுன்னு. அதுக்கப்பறம் எங்கம்மா கடைசி வரைக்கும் எனக்குச் சுடுதண்ணி ஊத்துனதே இல்ல கண்ணு. மார்கழியிலயும் பச்சத்தண்ணிதான். எனக்கு ஆறிருச்சு. அவங்களுக்கு ஆறவே இல்ல."

கரடி இல்லை, பட்டு இல்லை, அன்றுதான் நிஜத்தைச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு, "ஏ நூலு, நீ எங்க போயி அவனோட பின்னிக்கிட்ட?" என்று சிக்கைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் எழுந்து பார்த்தபோது அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. தறியைத் தவிர வேறு எதையும் தொடாத என் அப்பா, தோளில் குடத்தோடு கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தார். பச்சைத் தண்ணீரைக் குண்டாவில் ஊற்றினார். நேரே தறிக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு வாசலில் நின்று அத்தை அவர் குடத்தோடு வந்ததைப் பார்த்தார். அன்று எங்கள் குண்டாவைத் திட்ட அவர் வரவில்லை.

போன தை மாதம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் உங்கள் அம்மாவும் வெண்ணந்தூர் போனோம் அல்லவா, அப்போது அத்தையையும் பார்த்தோம். இப்போது கொஞ்சம் கூன் விழுந்துவிட்டது. நிலையில் தலை இடிப்பதில்லை. "அதுக்கு இப்பத்தான் கண்ணு தெரியுது" என்றார். பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டார். பேர் என்ன, யார் ஜாடை என்று ஒன்றும் கேட்கவில்லை.

"சேலத்து ஊட்டுல சுடுதண்ணி எங்க வெக்கறீங்க?"

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "இப்ப தட்டி மறைப்பெல்லாம் இல்லீங்க அத்தை. செவுரு வெச்சு, சிமிட்டி போட்டு, கதவு வெச்ச ரூமு."

"கதவு வேறயா?" என்று அத்தை பாப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அப்ப உள்ள என்ன நடக்குதுன்னு குண்டாவுக்கு மட்டுந்தான் தெரியும், இல்லியா சாமி?"

பாப்பா அவர் இடது கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, கரடி!" என்றார் அத்தை. பாப்பா துள்ளிச் சிரித்தாள்.

அன்றிலிருந்துதான் அப்பாவின் போலீஸ் உத்தியோகம். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் உங்களில் யாராவது ஒருவர் உள்ளே தண்ணீர் கொதிக்கும்போது பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டால் நானும் நேரத்துக்குக் கடைக்குப் போவேன்.

இதை இவ்வளவு தூரம் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். பிறகு நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். இன்றும் சனிக்கிழமை. உங்கள் அம்மா உங்களை எல்லாம் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். வந்ததும் தண்ணீர் காய வைப்பாள். வீட்டில் ஒருவரும் இல்லை. குளிக்கிற அறைக்குப் போனேன். குண்டா நடு இடத்தில் உட்கார்ந்திருந்தது. யாரும் வரவில்லையே என்று வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். பிறகு அதைத் தூக்கிச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"பச்சத்தண்ணி கொண்டாரேன். அதுவரைக்கும் நடக்காம இங்கயே கெட" என்று சொல்லிவிட்டு, கயிற்றையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.